பன்னிரண்டாம் கல் முதல் இருபதாம் கல் வரை

14 பிப்ரவரி 1986, வெள்ளிக்கிழமை
காலை 6.20. எல்லைக் கற்கள்: நாற்பத்தொன்று.

அக்கா,

மேலே இருக்கும் வரிதான் செய்தி. நாற்பத்தொரு கல்லும் இருக்கின்றன. இரண்டு முறை தோட்டத்தைச் சுற்றி எண்ணிவிட்டேன். இத்தோடு கடிதத்தை முடித்திருப்பேன். கடிதத்தைக் கொண்டுபோகும் லாரி ஏழு மணிக்குத்தான் கிளம்புமாம். அதுவரை உன் குடும்ப வரலாற்றுக் கையெழுத்துப் பிரதியைப் பற்றிச் சில வார்த்தைகள்.

தாத்தாவைப் பற்றிய அத்தியாயத்தைப் படித்தேன். 'குடும்பத்தில் வக்கீல் அங்கி அணிந்த முதல் ஆள், இந்த மலையில் காப்பிச் செடி ஊன்றிய முதல் கை' என்று ஆரம்பிக்கிறாய். சரி. அடுத்த பதினொரு பக்கமும் அவர் குரல், அவர் நின்ற விதம், நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்த விதம். அவரைப் பெரிய வக்கீல் ஆக்கிய அந்த 1908 வழக்கில் ஜெயித்தது குரலா? கரி. கிழக்குச் சரிவில் காடு வெட்டிக் குடியேறிய பத்தொன்பது குடும்பங்களின் நிலத்தைப் பக்கத்து முதலாளி கல்லை நகர்த்தி வளைத்துக்கொண்டான். பழைய இடத்தைத் தோண்டி, கல்லோடு சேர்த்துப் புதைத்த கரியை நீதிபதி முன்னால் எடுத்துக் காட்டினார் தாத்தா. கரி மக்காது, கரையாது, கரையான் தின்னாது. கல்லை நகர்த்துகிறவன் கல்லைத்தான் நகர்த்துவான், அடியில் இருப்பதை மறந்துவிடுவான். இதற்கு நீ கொடுத்திருப்பது ஒன்றரை வரி.

அப்புறம் 1911-இல் அந்தக் குடும்பங்களின் சரிவை ஒட்டியே இந்தத் தோட்டத்தை வாங்கி, சுற்றிலும் நாற்பத்தொரு கல் நட்டார். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு படி கரி போடவைத்தார். அதையும் எழுது. அந்த மனுஷர் செய்ததிலேயே உருப்படியான வேலை அது.

என் அறை அவருடைய பழைய அலுவலக அறை. ஜன்னல் மூடாது, மேஜை இழுப்பறை திறக்காது. நிலம் அளக்கும் தியோடலைட் கருவியை அவர் நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறேன். வந்தவர்கள் அதற்கு வணக்கம் சொல்லிவிட்டுப் பிறகுதான் என்னைப் பார்க்கிறார்கள்.

ஒன்று வேண்டும். 1911-இல் அவர் கையால் வரைந்த வரைபடம். புத்தகத்தின் முதல் பக்கத்துக்கும், விற்பனைப் பத்திரத்துக்கும் சேர்த்து ஒரே படமாகப் போட்டுவிடுவேன். லாரியில் அனுப்பு.

தம்பி


18 பிப்ரவரி 1986

தம்பி,

உன் கடிதத்தில் 'எப்படி இருக்கிறாய்' என்ற கேள்வி இருக்கிறதா என்று இரண்டு முறை தேடினேன். எண்ணுவதில் நீ கெட்டிக்காரன், கேட்பதில் இல்லை. நாங்கள் நன்றாக இருக்கிறோம்.

1911 வரைபடம் கிடைக்காது. கரையான் அரித்துவிட்டது. கரியைத் தின்னாத கரையான் காகிதத்தை விடுமா? அப்பா 1971-இல் புதிதாக வரையவைத்து முத்திரை வாங்கிய படத்தை வைத்திருக்கிறேன், நகலை இத்துடன் அனுப்புகிறேன். நாற்பத்தொரு கல்லும் அதில் எண்ணோடு இருக்கின்றன. அதைப் பார்த்துச் சரிபார்த்து வரைந்தால் போதும்.

இங்கே என் வக்கீல் அலுவலகம் பாதி காலி. கட்சிக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் இப்போது வழக்குக் கட்டுகள்தான் உட்கார்ந்திருக்கின்றன. எந்தக் கட்டை யாரிடம் ஒப்படைப்பது என்று குமாஸ்தா காலையிலிருந்து மாலை வரை என்னைக் கேட்கிறார். அப்பாவின் கட்டிலை அலுவலகத்தை ஒட்டிய அறைக்கு மாற்றிவிட்டேன். தட்டச்சுச் சத்தம் நின்றால் கண்ணைத் திறந்து பார்க்கிறார். சத்தம் கேட்டால் தூங்குகிறார். போன வருஷம் பேச்சு போனதிலிருந்து நாங்கள் இப்படித்தான் பேசிக்கொள்கிறோம்.

ஏப்ரலில் நான் நீதிபதியாகப் பொறுப்பேற்க வேண்டும் என்பது உனக்கு நினைவிருக்கும் என்று நம்புகிறேன். பத்து மணி நேர ரயில் பயணம். அப்பாவையும் அழைத்துக்கொண்டு போக ஏற்பாடு செய்துவிட்டேன். தோட்டத்தையும் தலையில் தூக்கிக்கொண்டு போக முடியாது. பன்னிரண்டு வருஷமாகத் தூக்கிக்கொண்டுதான் நின்றேன். ஆகவே 31 மார்ச்சில் கையெழுத்து ஆகியே தீர வேண்டும். தோட்டத்தை வாங்கும் கம்பெனிக்காரர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: உரிமம் பெற்ற அளவையாளர் கையெழுத்திட்ட படம். அதனால்தான் உன்னைக் கூப்பிட்டேன். வேறொருவனிடம் கொடுத்திருக்கலாம். வீட்டுப் பிள்ளை செய்யட்டும் என்று...

எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எதையும் செய்யாதே. அங்கே குளிருமே, கம்பளி இருக்கிறதா?

அக்கா


25 பிப்ரவரி 1986, செவ்வாய், மதியம் 1.10
தோண்டிய கற்கள்: நாற்பத்தொன்று. கரி உள்ளவை: முப்பத்திரண்டு.

அக்கா,

கம்பளி இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? கேட்டுவிட்டேன். இனி விஷயம்.

உன் புத்தகத்துக்கு ஒரு புகைப்படம் இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. கல், அதன் அடியில் தாத்தா போட்ட கரி. உனக்கு உதவி செய்யலாமென்று நானாகவே ஆரம்பித்த வேலை இது என்பதைக் குறித்துக்கொள். பாதைக்கு ஓரமாக இருப்பதால் பன்னிரண்டாம் கல்லைத் தேர்ந்தெடுத்தேன். பக்கவாட்டில் இரண்டடி தோண்டினேன். கரி இல்லை. மூன்றடி. இல்லை. வெறும் செம்மண், ஒரு மண்புழு.

பதின்மூன்றையும் தோண்டினேன். இல்லை. கோபம் வந்தது, நாற்பத்தொன்றையும் தோண்டிவிட்டேன். மேஸ்திரி ஆறு நாளாக மண்வெட்டியோடு என் பின்னால் வருகிறார். 'சார், புதையல் ஏதும் கிடைச்சா எனக்குப் பாதி' என்று முதல் நாள் சொன்னார். நான்காம் நாளிலிருந்து ஒன்றும் சொல்லவில்லை.

கரி இல்லாதவை ஒன்பது. பன்னிரண்டு முதல் இருபது வரை, விட்டுப்போகாமல் வரிசையாக. எல்லாம் கிழக்குக் கோடு. மற்ற முப்பத்திரண்டிலும் கரி இருக்கிறது, அதுவும் ஒரே ஆழத்தில். இது தற்செயல் இல்லை. இந்த ஒன்பது கல்லும் தாத்தா நட்ட இடத்தில் இல்லை.

இன்னொன்று. நீ அனுப்பிய 1971 படத்தோடு என் அளவு அரை மீட்டர்கூடப் பிசகாமல் பொருந்துகிறது. அப்படியென்றால் 1971-க்கு முன்னாலேயோ, 1971-இலேயோதான் கல் நகர்ந்திருக்க வேண்டும். கிழக்குக் கோட்டுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வற்றாத ஓடை ஒன்று, பத்தொன்பது வீடு. கம்பெனிக்காரன் ஓடைக்காகத்தான் வாங்குகிறான். வீடுகளைக் காலிசெய்துதான் கேட்கிறான். கல் இடம் மாறியிருந்தால் இரண்டும் நாம் விற்கக்கூடிய பொருளே இல்லை.

யார் நகர்த்தியது? உனக்கு ஏதாவது தெரியுமா?

தம்பி


1 மார்ச் 1986

தம்பி,

வரைபடம் என்பது மேலே இருப்பதைக் காட்டுவது. கல் எங்கே நிற்கிறதோ அங்கே புள்ளி வை, புள்ளிகளை இணை, கையெழுத்திடு. உன்னைக் கேட்டது அவ்வளவுதான். தோண்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எழுபத்தைந்து வருஷத்தில் மழை, மண் சரிவு, வேர், எலி எத்தனையோ உண்டு. ஒன்பது குழியில் கரி இல்லையென்றால் ஒன்பது குழியில் கரி இல்லை, அவ்வளவே. அதிலிருந்து நீ கட்டுவதெல்லாம் ஊகம். முத்திரை பெற்ற படம் பதினைந்து வருஷமாக எவராலும் ஆட்சேபிக்கப்படாமல் இருக்கிறது. நான் நீதிபதியாக இருந்தால் உன்னை இரண்டே கேள்வியில் கூண்டிலிருந்து இறக்கிவிடுவேன்.

குடும்ப வரலாறு எழுதச் சொன்னது அப்பா. பேச்சு போவதற்கு முந்தின மாதம். பெரிய வக்கீலைப் பற்றி நாலு பேர் படிக்கும்படி ஒரு புத்தகம் வர வேண்டும் என்றார். நீ அதே நேரம் பார்த்துக் குடும்பத்தின் முகத்தில் பூசக் கரி தேடிக்கொண்டிருக்கிறாய்.

நீ படிக்கப் போனபோது யார் இங்கே இருந்தது? அணை கட்ட, பாலம் கட்ட என்று ஊர் ஊராக நீ போனபோது, பூச்சி விழுந்த செடிக்கும் ஒழுகும் களத்துக்கூரைக்கும் யார் பதில் சொன்னது? வருஷத்துக்கு ஒருமுறை வந்து ஜன்னல் மூடவில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறவனுக்கு எல்லாமே கோணல்மானலாகத்தான் தெரியும். நான் ஒருமுறை, ஒரே ஒருமுறை, எனக்காக ஒன்றைக் கேட்டேன்.

கோபத்தில் எழுதுகிறேன். கிழித்துவிட்டு வேறு எழுதலாம். லாரி வந்துவிட்டது.

அக்கா


7 மார்ச் 1986, வெள்ளி, காலை 5.50
கரிக் குழிகள்: ஒன்பது. இப்போதைய கற்களிலிருந்து தூரம்: 132 மீட்டர்.

அக்கா,

என் முந்தின கடிதத்தின் கடைசிக் கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. இரண்டு பக்கம் எழுதினாய், அதற்கு மட்டும் பதில் இல்லை. வக்கீலம்மா சாட்சியை இறக்குவதில் கெட்டிக்காரி. பதில் எனக்குக் கிடைத்துவிட்டது.

மலைச் சரிவில் கரியைத் தேடுவது லேசான வேலை இல்லை. நகராத கற்களின் கோணங்களை வைத்துப் பழைய கோட்டைக் கணக்கிட்டேன், கோடு விழக்கூடிய பட்டையில் மூன்று மூன்று மீட்டருக்கு ஒரு குழி. நாலு நாள் வெயிலில் நின்றதில் கழுத்துத் தோல் உரிந்துவிட்டது. இரண்டு குழி கிடைத்தது. ஐந்தாம் நாள் நாற்றங்கால் பொறுப்பில் இருக்கிற அம்மா வந்து வரப்பில் உட்கார்ந்தார். மேஸ்திரியின் அக்கா, இருவரும் அந்தப் பத்தொன்பது வீட்டுக்காரர்கள்தான். ஐம்பத்தைந்து வயது இருக்கும், எந்த நாற்று எந்த வாரம் சாகும் என்று பார்த்தே சொல்லிவிடுகிறவர். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, 'என்ன தம்பி தேடுறீங்க?' என்று கேட்டார். சொன்னேன்.

எழுந்து போய்க் கால் விரலால் ஏழு இடத்தைத் தொட்டுக் காட்டினார். ஏழிலும் கரி.

'எங்களைக் கேட்டிருந்தா முதல் நாளே காட்டியிருப்போம்ல. நீங்க பாட்டுக்கு அந்த முக்காலியைத் தூக்கிட்டுப் போனீங்க. படிச்ச பிள்ளை, ஏதோ காரணமாத்தான் தோண்டுதுன்னு விட்டுட்டோம்.'

பதினைந்து நாள் வேலை, அக்கா. கேட்டிருந்தால் பதினைந்து நிமிஷம். மேஸ்திரிக்கும் தெரியும். ஆறு நாள் என்னோடு சேர்ந்து வெறுங்குழி தோண்டிய அவருக்கே தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். 'நீங்க கேக்கலையே சார்.' அப்புறம்தான் பதினான்கு வீட்டில் போய் உட்கார்ந்து கேட்டேன்.

1971. அப்பா. பட்டப்பகலில். கல்லைப் பெயர்த்துத் தூக்கிக்கொண்டு போய் நட்டது இந்தப் பத்தொன்பது வீட்டு ஆட்கள்தான். தங்கள் நிலத்தைத் தாண்டித் தாங்களே கல்லைச் சுமந்து வைத்திருக்கிறார்கள். அன்றைக்குக் கூலியும் உண்டாம்.

அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றது, சட்டம் படிக்கிற பெரிய பெண். ரெட்டைச் சடை, கையில் நோட்டு. அப்படித்தான் சொன்னார்கள். பத்தொன்பது வயதில் அந்த வீட்டில் ரெட்டைச் சடை போட்ட சட்ட மாணவி எத்தனை பேர்?

எனக்குப் பதினொரு வயது, விடுதியில் இருந்தேன். உனக்குத் தெரியும். முதல் கடிதத்திலிருந்தே தெரியும். கரையான் அரித்த படமும் பொய்யாகத்தான் இருக்கும். வேலியே பயிரை மேய்ந்ததை எழுதாமல் வேலியின் குரல்வளத்தை எழுதிக்கொண்டிருக்கிறாய்.

1971 படத்தில் கையெழுத்திட மாட்டேன். நீ பார்த்ததைப் பிரமாணப் பத்திரமாக எழுதித் தா. அது வந்தால் ஒரே வாரத்தில் நில அலுவலகத்தில் கோடு திரும்பிவிடும்.

தம்பி


12 மார்ச் 1986

தம்பி,

மூன்று நாள் பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் 'கனம் கோர்ட்டார் அவர்களுக்கு' என்றே கை போகிறது.

படம் பொய் இல்லை. நிஜமாகவே கரையான். அதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். நீ என்னைப் பற்றி எழுதியதில் அது ஒன்றுதான் தவறு.

1971-இல் அரசு ஓர் ஆணை போட்டது உனக்குத் தெரிந்திருக்காது. மலையில் பதிவுப் பத்திரம் இல்லாத நிலமெல்லாம் வன இலாகாவுக்கு. கிழக்குச் சரிவுக்காரர்களிடம் பெரிய வக்கீல் வாங்கித் தந்த தீர்ப்பு இருந்தது, பதிவு இல்லை. பதிய வேண்டும் என்று அறுபது வருஷத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை, வாதாடி ஜெயித்த நம் வீட்டாருக்கும் தோன்றவில்லை. அடுத்த சரிவில் முப்பது வீட்டை ஒரே வாரத்தில் அகற்றினார்கள். அப்பா சரிவுக்காரர்களைக் களத்தில் கூட்டிவைத்துச் சொன்னார். 'உங்க நிலம் என் கோட்டுக்குள்ள இருந்தா எவனும் தொட முடியாது. ஆபத்து தாண்டினதும் கல்லைப் பழையபடி வச்சுக்கலாம்.' அவர்கள் சம்மதித்தார்கள். நான் நாடாவைப் பிடித்தேன். அந்த வயதில் எனக்கு அது ஒரு வீரச் செயலாகத் தெரிந்தது. பெரிய வக்கீலின் பேத்தி அல்லவா.

ஒன்றை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஆட்கள் கல்லைப் பெயர்த்துவிட்டுக் கரியையும் அள்ளப் போனார்கள். அப்பா தடுத்தார். 'கல்லை எடுங்க. கரியைத் தொடாதீங்க. திரும்பி வர வழி தெரியணும்.' இதை நான் என் காதால் கேட்டேன். உன் கரி அங்கே இன்றும் இருக்கிறதென்றால் அது அவர் விட்டுவைத்ததால்தான்.

பிறகு ஆணை தளர்ந்தது. எந்த வருஷம் என்று எனக்குத் தெரியும். 1974. நான் கேட்டேன். 'பாப்போம்' என்றார். 1977-இல் கேட்டேன். ஓடையிலிருந்து நாற்றங்காலுக்குக் குழாய் போட்டாகிவிட்டது. 'இப்ப என்ன அவசரம், அவங்களை யார் விரட்டினா?' என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. ஏன் என்று என்னையே குறுக்கு விசாரணை செய்து பார்த்துவிட்டேன், சாட்சி மழுப்புகிறாள்.

விற்க முடிவெடுத்தபோது ஒரு வாரம் தூங்கவில்லை. அப்புறம் தூங்கிவிட்டேன். அதுதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

பிரமாணப் பத்திரம் கேட்கிறாய். 'பதினைந்து வருஷமாக எனக்குத் தெரியும், தெரிந்தே விற்பனைக்கு வரைவு எழுதினேன்' என்று நான் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டால், நீதிபதிப் பதவி அன்றைக்கே போய்விடும். வக்கீல் தொழிலே இருக்குமா என்று தெரியாது. நீ அதை ஒரு வரியில் கேட்டுவிட்டாய்.

அக்கா


18 மார்ச் 1986, செவ்வாய், மாலை 4.30
எண்ண ஒன்றும் இல்லை.

அக்கா,

மன்னிப்புக் கேட்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்தக் கடைசி வரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பத்திரம் எழுதாதே. கரி போதும், கோணக் கணக்கு போதும், என் அறிக்கை போதும்.

ஆனால் அப்பாவைப் பற்றி நீ எழுதியதை என்னால் விழுங்க முடியவில்லை. கரியைத் தொடாதே என்றார், சரி. வழி தெரிய வேண்டும் என்றார், சரி. அதற்குப் பிறகு பதினான்கு வருஷம் அவருக்குப் பேச்சு இருந்தது, காலும் இருந்தது. வழியும் தெரியும். வரவில்லை.

நாற்றங்கால் அம்மாவிடம் நீ எழுதியதைச் சொன்னேன். உன் பெயரைச் சொல்லாமல்தான். அவர் பாலிதீன் பைகளில் மண் நிரப்பிக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னது இது: 'ஐயா எங்களைக் காப்பாத்தினாரா கவுத்தாரான்னு நாங்களும் பதினஞ்சு வருஷமாப் பேசிட்டுதான் இருக்கோம் தம்பி. எங்க வீட்டுலயே ரெண்டு கட்சி. எங்க வீட்டுக்காரர் சாகுற வரைக்கும் ஐயா கட்சி. நான் அந்தப் பக்கம்.' எந்தப் பக்கம் என்று கேட்டேன். 'குழாய் போட்ட அன்னிக்கே நான் ஐயா கட்சியை விட்டு வந்துட்டேன்' என்றார்.

கம்பெனி ஆள் ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் வந்தார், கூடவே ஒரு வக்கீல். ஒன்பது குழியையும் காட்டினேன். வக்கீல் ஒரு துண்டைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, 'எவனோ அடுப்பு எரிச்ச கரி. இதுல பேர் எழுதியிருக்கா?' என்றார். கல் இருக்கிற இடம்தான் எல்லை என்றும், என் அக்காவே அப்படித்தான் எழுத்தில் கொடுத்திருக்கிறார் என்றும் சொன்னார். ஏப்ரல் பதினைந்துக்குள் வீடுகள் காலியாக வேண்டுமாம். அந்த அம்மா அப்போதும் பைகளை நிரப்பிக்கொண்டுதான் இருந்தார். இந்த வருஷ நாற்று ஆறாயிரம். யாருக்காக?

நான் சமாளித்துக்கொள்வேன். நீ இதில் வராதே.

தம்பி


24 மார்ச் 1986

தம்பி,

நீ சமாளிக்க மாட்டாய். உன் கரி நல்ல கரி, ஆனால் அதற்கு வாய் கிடையாது.

போன வாரம் 1908 வழக்குக் கட்டைப் பிரித்தேன். புத்தகத்துக்காக எத்தனையோ முறை பிரித்த கட்டு. தீர்ப்பை மட்டுமே படித்திருக்கிறேன் என்பது இப்போதுதான் உறைத்தது. சாட்சியங்களைப் படித்ததே இல்லை. அந்த முதலாளியின் வக்கீலும் இதையேதான் கேட்டிருக்கிறார்: எவனோ சுட்ட கரி என்று. பெரிய வக்கீல் அதற்கு ஒன்றும் பேசவில்லை. ஓர் ஆளைக் கூண்டில் ஏற்றினார். கல் நட்ட கூலியாள். பக்கத்து முதலாளியிடம்தான் வேலை செய்தவன். 'கரி போட்டது நான், கல்லை நகர்த்தினதும் நான்' என்று சொன்னான். அடுத்த நாள் அவனுக்கு வேலை போயிருக்கும். அதற்குப் பிறகு அவன் என்ன ஆனான் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. நம் குடும்பக் கதையில் எழுபத்தெட்டு வருஷமாக அவன் இல்லை. நான் எழுதிய பதினொரு பக்கத்திலும் இல்லை.

அத்தியாயத்தை மாற்றி எழுதிவிட்டேன். இத்துடன் இருக்கிறது. 1971-உம் அதில் இருக்கிறது. நாடா பிடித்தவள் யார் என்பதும்.

பிரமாணப் பத்திரமும் இந்த உறையில் இருக்கிறது. நான்கு பக்கம். சத்தியம் செய்து, சான்று பெற்று, கையெழுத்திட்டாகிவிட்டது. வேண்டாம் என்று நீ சொல்ல முடியாதபடி நேற்று இங்கே வந்திருந்த நீதிபதித் தேர்வுக் குழுத் தலைவரிடம் நேரில் போய் ஒரு நகலைக் கொடுத்துவிட்டேன். படித்துவிட்டுக் காகிதத்தை மடித்து வைத்தார். 'ஏம்மா, இதை ரெண்டு மாசம் கழிச்சுச் சொல்லியிருக்கலாமே' என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அந்த அன்புதான் சுட்டது. ஏப்ரல் மூன்றாம் தேதி தலைநகரில் குழு கூடுகிறது. வந்து விளக்கம் தரலாம், தராமலும் இருக்கலாம், முடிவு எப்படியும் போகலாம் என்றார். கம்பெனிக்குக் கொடுத்த எழுத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டேன். இனி அவர்கள் வாங்கமாட்டார்கள்.

ஆக, தோட்டம் விற்கவில்லை. மூன்றாம் தேதி நான் போவதற்கு வழியும் இல்லை. அப்பாவைப் பகலில் பார்த்துக்கொண்ட அம்மாளுக்கு மாதக் கடைசியோடு கணக்கு முடித்துவிட்டேன், நாங்கள் கிளம்புகிறோம் என்ற நினைப்பில். குமாஸ்தாவிடம் விட முடியாது. அப்பாவுக்கு மிடறு மிடறாகத்தான் ஊட்ட வேண்டும். ஒரு வாய், பிறகு தொண்டை அசைகிறதா என்று பார்த்து, பிறகு அடுத்த வாய். ஒரு கிண்ணத்துக்கு நாற்பது நிமிஷம். அவசரப்படுத்தினால் புரையேறிவிடும்.

பத்திரத்தைத் தட்டச்சு செய்துவிட்டு அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். நான்கு பக்கமும். கேட்டாரா தெரியவில்லை. கண் திறந்திருந்தது. தட்டச்சு நின்றதால் திறந்திருக்கலாம். உனக்கு ஏதாவது அர்த்தம் சொல்ல வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது, ஆனால் நான் சாட்சி. பார்த்ததை மட்டும்தான் சொல்வேன்.

அக்கா


28 மார்ச் 1986, வெள்ளி, காலை 5.15
வீடுகள்: பத்தொன்பது. மனுவில் கையெழுத்துகளும் கைநாட்டுகளும்: முப்பத்தேழு.

அக்கா,

உன் நான்கு பக்கத்தையும் களத்தில் நின்று சத்தமாக வாசித்தேன். பத்தொன்பது வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். நடுவில் இரண்டு முறை நிறுத்தினேன், தூசி என்று வைத்துக்கொள். முடித்ததும் மேஸ்திரிதான் முதலில் வாயைத் திறந்தார்: 'பெரிய பொண்ணு அன்னிக்கு நாடாவைக் கோணலாத்தான் பிடிச்சுச்சு, நான் சொன்னேன், கேக்கல.' எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நாற்றங்கால் அம்மா சிரிக்கவில்லை. உன்னிடம் ஒன்று சொல்லச் சொன்னார், வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்: 'சொன்னது நல்லது. லேட்டாச் சொன்னதும் ஞாபகம் இருக்கும்.'

நான் அதற்குச் சமாதானம் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது.

உன் புதிய அத்தியாயம் பழையதைவிட நன்றாக இருக்கிறது. இரண்டு இடத்தில் வாக்கியம் நீளம். அவ்வளவுதான்.

உன்னிடம் ஒருபோதும் சொல்லாத ஒன்று. நீ பன்னிரண்டு வருஷம் தாங்கி நின்றதை நான் எண்ணவே இல்லை. கண்ணுக்கு முன்னால் இருப்பதையெல்லாம் எண்ணுகிறவன் அதை மட்டும் விட்டுவிட்டேன். யோசிக்க நேரம் எடுத்துக்கொண்டால் மனம் மாறிவிடும், எனவே வேகமாக எழுதுகிறேன். இனி நான் செய்யப்போவது:

1. இன்றே வரைபடத்தை முடித்து, பன்னிரண்டு முதல் இருபது வரையான கற்களை உரிய இடத்தில் குறித்து, உரிம எண்ணோடு கையெழுத்திடுவேன்.

2. திங்கட்கிழமை, படத்தோடும் உன் பத்திரத்தோடும் நில அலுவலகத்துக்குப் போவோம். மனு அவர்களுடையது, கொடுக்கப்போவது நாற்றங்கால் அம்மா. நான் பின்னால் நிற்பேன். கேட்டால் மட்டும் பேசுவேன்.

3. ஓடைக் குழாயைத் தொடர்ந்து பயன்படுத்தலாமா என்று பத்தொன்பது வீட்டையும் கேட்பேன். கூடாது என்றால் பிடுங்கிவிடுவேன்.

4. அணை வேலைக்கு ராஜினாமாவை இதே லாரியில் அனுப்புகிறேன். தோட்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் மேலே தோட்டத்தில், ஐந்து நாள் கீழே அப்பாவிடம். காப்பியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இந்தத் தடவை கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

5. செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் அங்கே இருப்பேன். நீ புதன்கிழமை ரயிலுக்குப் போகிறாய். மூன்றாம் தேதி குழு என்ன முடிவெடுத்தாலும், அதை அவர்கள் முகத்துக்கு நேராக நின்று கேட்டுவிட்டு வா.

6. அப்பாவிடம் எதையும் கேட்கமாட்டேன். ஒரு வாய் கொடுப்பேன். தொண்டை அசைகிறதா என்று பார்ப்பேன். பிறகு அடுத்த வாய். நாற்பது நிமிஷம்.

தம்பி